ஒரு தலை கூடுதல்

சனிக்கிழமைகளில் ஓடெட் லாப்ரெக்குடன் பீவர் குளத்துக்கு நடந்து போகிறவர்கள் ஒரு தொல்லையைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆள் எண்ணும் தொல்லை. வண்டிகள் நிறுத்துமிடத்தில் ஒருமுறை எண்ணுவாள். பீவர் என்னும் நீர்விலங்கு மரங்களைக் கடித்து வீழ்த்திக் கட்டிய அணையின் கரையில் உட்கார வைத்து இன்னொருமுறை எண்ணுவாள். திரும்பி வந்து எல்லோரும் காலணிச் சேற்றைத் தட்டிக்கொண்டிருக்கும்போது மறுபடியும் எண்ணுவாள். நடை என்னவோ சுலபமான நடைதான். மரம் வெட்டி இழுத்து வந்த பழைய பாதை, ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை, முழங்கால் மூட்டு மாற்றிக்கொண்டவர்கள்கூடப் பேச்சை நிறுத்தாமல் போய்வருகிறார்கள். இதில் யார் தொலைந்துவிடப் போகிறார்கள் என்று பாஸ்டனிலிருந்து வருகிறவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். ஆள் குறைந்துவிடும் என்று ஓடெட் பயந்ததே இல்லை.

அணைக்கரையில் எண்ணும்போது முதல் எண்ணிக்கையில் ஒரு தலை கூடுதலாக வரும். அதுதான் அவளுடைய சங்கடம்.

தன்னையும் சேர்த்து எண்ணிவிடுகிறாளோ என்று நீங்கள் கேட்கலாம். அவள் பள்ளிக்கூடச் சமையலறையில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்தவள். பிள்ளைகளை எண்ணித் தட்டு எடுத்து வைத்த கை அது. தன்னை எண்ணும் பழக்கம் அவளுக்கு எந்தக் காலத்திலும் கிடையாது. அணைக்கரையில் ஒரு பெரிய ஹெம்லாக் மரம் வேரோடு விழுந்து கிடக்கிறது. வெயில் இறங்கி, தண்ணீருக்குள் நிற்கும் பட்டமரங்கள் சாம்பல் நிறமாகும் நேரத்தில் எல்லோரும் அதன்மேல் வரிசையாக உட்காருவார்கள். பீவர் வெளியே வரும் நேரம், யாரும் பேசக் கூடாது என்று சொல்லிவிட்டு அவள் பின்னால் நின்றுகொண்டு முதுகுகளை எண்ணுவாள். ஒன்று கூடும். மறுபடி எண்ணுவாள், சரியாக இருக்கும். அந்தக் கூடுதல் முதுகு எது என்று ஒருநாளும் பிடிபட்டதில்லை. வேர்ப்பக்கம், வரிசையின் கடைசியில், என்பது மட்டும் அவளுக்கு நிச்சயம்.

அதனால் டோனட் வாங்கும்போது ஒன்று சேர்த்தே வாங்குவாள். எல்லோருக்கும் கொடுத்தது போக மிச்சத்தை வேர்ப்பக்கம் மரத்தின்மேல் வைத்துவிட்டு வருவாள். அடுத்த சனிக்கிழமை அது இருக்காது. காட்டில் டோனட் வைத்தால் எங்கே இருக்கும்?

"ஏன்டி ஓடெட், அந்த அணிலுக்குச் சர்க்கரை வியாதி வந்துதான் சாகப்போகுது, பாத்துக்க" என்பாள் பெவர்லி ஹாஸ்கின்ஸ். வருஷக்கணக்காகப் பள்ளி பஸ் ஓட்டிய பெண். எந்தச் சனிக்கிழமை நடையையும் விடமாட்டாள்.

"வந்தா உன் பஸ்ஸுல ஏத்தி ஆஸ்பத்திரியில கொண்டுபோய்ச் சேரு."

"நான் ரிட்டயர் ஆயிட்டேன். அணிலு நடந்துதான் போகணும்."

இப்படிச் சிரித்துக்கொண்டே திரும்புவார்கள். டோனட் யாருக்கு என்று பெவர்லி ஒருநாளும் கேட்டதில்லை. எங்கள் ஹார்ட்வெல் கோர் மாதிரிச் சின்ன ஊரில் ஒருத்தர் வாயைத் திறக்காத விஷயத்தை மற்றவர் கிளறமாட்டார். அதை நாங்கள் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஓடெட்டின் அண்ணன் ரெமி அந்தக் குளத்தில் போனபோது அவள் பள்ளிக்கூடத்தைக்கூட முடிக்கவில்லை. அப்பா ஆர்மான் லாப்ரெக் கோடையில் மரம் வெட்டுவார், குளிரில் பொறி வைத்துப் பீவர் பிடிப்பார். எந்தப் பருவத்திலும் பெல்ட்டைக் கழற்றி வீசுவார். ரெமிக்குப் பொறி வேலை பிடிக்காது. உறைந்த குளத்தில் பனியை வெட்டி, பீவர் போய்வரும் வழியில் தண்ணீருக்குள் பொறியைக் கட்டி விடுவார்கள். அகப்பட்டது மேலே வந்து மூச்சு விட முடியாமல் மூழ்கிச் சாகும். முதல் பீவரை வெளியே இழுத்த அன்று ரெமி பனிமேல் மண்டிபோட்டு வாந்தி எடுத்தான். அதை அப்பா ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். வீட்டுக்கு வந்து அடித்தார். பிறகு அந்தக் குளத்துப் பொறிகள் அத்தனையையும் அவன் பொறுப்பில் விட்டார். அப்படித்தான் பையன் ஆம்பிளை ஆவான் என்பது அவர் கணக்கு.

ஒரு டிசம்பர் காலை. குளம் அப்போதுதான் நடக்கிற அளவுக்கு உறைந்திருந்தது. ரெமி முதுகுக்கூடையை மாட்டிக்கொண்டு, பனி உடைக்கும் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு பொறிகளைப் பார்க்கப் போனான். அடுப்படியில் நின்ற ஓடெட்டின் பின்னலைப் பிடித்து ஒரு இழு இழுத்துவிட்டுப் போனான். தினமும் செய்கிற வேலைதான். சாயங்காலம்வரை வரவில்லை. அவனுடைய கூட்டாளி டுவெய்ன் ஸ்டிக்னி முதலில் தேடிப் போனான். குச்சியும் சேறும் குவித்துக் கட்டிய பீவர் வீட்டுக்குப் பக்கத்தில் பனியில் ஓட்டை. ஓரத்தில் கடப்பாரை குத்தி நின்றது, கம்பளிக் கையுறை ஒன்று கிடந்தது. டுவெய்ன் ஓடிவந்து சொல்லி, மற்றவர்கள் விளக்கு எடுத்துக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் பனி கொட்டத் தொடங்கிவிட்டது. வந்தவர்கள் கொக்கி போட்டுத் தேட ஓட்டையைச் சுற்றிலும் உடைத்தார்கள்.

முக்குளிப்பவர்கள் வந்தார்கள். அடியில் ஆள் உயரத்துக்குக் கறுப்புச் சேறு, அதற்குள் மூழ்கிப்போன மரங்கள், தங்கள் கையே தங்களுக்குத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அணையை வெடி வைத்து உடைக்கலாம் என்று ஊரில் பேச்சு எழுந்தது. அம்மா வாசலில் வந்து நின்று, "அவன் இருக்கிற இடத்துல நிம்மதியா இருக்கட்டும், யாரும் தொடாதீங்க" என்றாள். சவப்பெட்டி இல்லாமலே பூசை வைத்தார்கள், கல்லறைத் தோட்டத்தில் வெறும் மண்ணுக்கு மேல் கல் நட்டார்கள்.

பீவர் வீட்டைச் சுற்றிப் பனி மெலிசாகத்தான் இருக்கும். அவை போய்வருகிற வழி அது. எங்கள் ஊரில் நடக்கப் பழகிய குழந்தைக்கும் இது தெரியும். ரெமிக்குத் தெரியாதா? தெரிந்தவன் அங்கே போய் எதற்கு நின்றான் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால், தானாகவே இறங்கினானா என்று கேட்கக் கூடாத இன்னொன்றையும் கேட்க வேண்டி வரும். பாதிரியார் பூசைக்குச் சம்மதித்ததே பெரிது என்று அம்மாவின் முகத்தைப் பார்த்து எல்லோரும் வாயை மூடிக்கொண்டோம்.

அதன்பின் அப்பா யார்மேலும் கை வைக்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, காட்டுப் பக்கம் பார்த்தபடியே இருந்து, ஒருநாள் அப்படியே போய்ச் சேர்ந்தார். எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு, ஒருவன் மூழ்கிய தண்ணீரில் யாரும் பொறி வைக்கமாட்டோம். யாரும் எழுதி வைத்த சட்டமல்ல, மீறுகிற துணிச்சல்தான் யாருக்கும் இல்லை. அதனால் சுற்றுவட்டாரத்துப் பீவர் எல்லாம் ஓய்ந்து போனாலும் ரெமியின் குளத்துப் பீவர்கள் குட்டி போட்டுப் பெருகின. அணை நீண்டது, உயர்ந்தது. தண்ணீர் பழைய கல்சுவரைத் தாண்டியது, மேப்பிள் தோப்பைத் தின்றது, மெல்ல மெல்ல மில் ரோட்டை நோக்கி வந்தது.

ஓடெட்டின் வாழ்க்கையும் அந்தக் கரையிலேயே நின்றுவிட்டது. கிளெமான் என்று ஒருவன், நாட்டு எல்லைக்கு அந்தப் பக்கம் மர அறுப்பு ஆலையில் வேலை செய்தவன், நல்ல மனிதன், கட்டிக்கொண்டு கூட்டிப் போகிறேன் என்றான். இரண்டு குளிர்காலம் காத்திருந்தான். அவளும் பெட்டியில் துணி எடுத்து வைத்தாள், பிறகு எடுத்த துணியைத் திரும்ப மடித்து அலமாரியில் வைத்தாள். அண்ணனைத் தண்ணீரில் தனியாக விட்டுவிட்டு எப்படிப் போவது? இதை அவனிடம் சொல்லாமல், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றாள். அம்மா போனபிறகும் அவள் அங்கேயே இருந்தாள். நூலகத்தில் சுலபமான நடைகளுக்கு ஆள் வேண்டும் என்றபோது முதலில் போய்ப் பெயர் கொடுத்தாள். ஒருத்தியாகப் போனால் குளத்தங்கரையில் நிற்கப் பயமாக இருந்தது, நாலு பேரோடு போனால் நிற்க முடிந்தது. சாயங்கால மங்கலில் பீவர் வாலால் தண்ணீரை அறையும். ஆள் அரவம் கேட்டால் அப்படித்தான் செய்யும். வந்தவர்கள் திடுக்கிட்டுச் சிரிப்பார்கள். ஓடெட் மட்டும் வாய்க்குள், "வந்துட்டேன் ரெமி" என்பாள்.

இந்த மார்ச் மாதம் ஊர்க்கூட்டத்தில் குளத்தின் பேச்சு வந்தது.

எங்கள் ஊர்க்கூட்டத்தில் யாரும் யாரோடும் நேராகப் பேச முடியாது. எதிரில் உட்கார்ந்திருப்பவன் சொந்தத் தம்பியாக இருந்தாலும் மேடையில் இருக்கும் தலைவரைப் பார்த்துத்தான் பேச வேண்டும். அப்படி ஒரு வழி இல்லாவிட்டால் ரோடு விவகாரம் ஒவ்வொன்றும் அடிதடியில்தான் முடியும். டுவெய்ன் ஸ்டிக்னி எழுந்தான். அவன்தான் ஊரின் ரோடு மேஸ்திரி. தலை முழுக்க வெளுத்துவிட்டது, இந்த வருஷத்தோடு ஓய்வு பெறுகிறான். தொப்பியைக் கையில் திருகிக்கொண்டே பேசினான்.

"தலைவரே, மில் ரோட்டுக்கு அடியில தண்ணி அரிச்சிருச்சு. பொந்து விழுந்து கெடக்கு. வருஷா வருஷம் ரோட்டுக் குழாயில பீவர் அடைச்ச குச்சியை நானே எறங்கி எடுத்துக்கிட்டு இருக்கேன். இனிமே அது பத்தாது. குளத்தைக் கொஞ்சம் எறக்கி, கூண்டு வச்ச குழாய் ஒண்ணு அணைக்குள்ள போட்டுட்டா அதுக்கு மேல தண்ணி ஏறாது. பீவருக்கும் ஒண்ணும் ஆகாது."

"எவ்வளவு எறக்கணும்?" என்றார் தலைவர்.

"வேலை நடக்கிற அன்னைக்கு முழுசா எறக்கணும், தலைவரே."

ஓடெட் எழுந்து நின்றாள். பின்வரிசையில் மதியச் சாப்பாட்டுக்குப் பீன்ஸ் சட்டியைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தவர்கள்கூட மூடியை வைத்துவிட்டு நின்றார்கள்.

"தலைவரே, டுவெய்ன் கிட்ட ஒண்ணு கேட்கணும். நான் அவன்கிட்ட கேட்கலை, உங்ககிட்டதான் கேட்கிறேன். அந்தக் குளத்துல யார் இருக்காங்கன்னு அவனுக்குத் தெரியுமா தெரியாதா?"

டுவெய்ன் தரையைப் பார்த்தான்.

"தெரியும், தலைவரே."

"எங்க அம்மா அன்னைக்கு என்ன சொன்னாங்கன்னு தெரியுமா?"

"தெரியும். ஆனா, தலைவரே... அந்த ரோட்டுலதான் ஸ்கூல் பஸ் போகுது."

ஓடெட் உட்கார்ந்தாள். அவளிடம் சாப்பிட்ட பிள்ளைகளின் பிள்ளைகள்தான் அந்த பஸ்ஸில் போகிறார்கள். சம்மதம் என்கிறவர்கள் சொல்லலாம் என்றார் தலைவர். கூடம் முழுவதும் மெதுவாக, வெட்கத்தோடு, சம்மதம் என்றது. பெவர்லியும் சொன்னாள். எதிர்ப்பு என்று ஓடெட்டின் குரல் ஒன்றுதான் கேட்டது.

சாப்பாட்டு நேரத்தில் பெவர்லி ஒரு தட்டு நிறையப் பீன்ஸும் சோளரொட்டியும் எடுத்து வந்து அவள் பக்கத்தில் வைத்தாள். "திட்டணும்னா திட்டு. அந்த பஸ்ஸை ஓட்டினவடி நான். ராத்திரி கனவுல அது பொந்துக்குள்ள எறங்குது."

"திட்டலை, பெவ்."

"அப்ப சாப்பிடு."

ஓடெட் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. அவளுக்குக் குளம் வற்றுவதைப் பற்றிக்கூட அவ்வளவு பயம் இல்லை. எலும்பாக ரெமியைப் பார்க்க வேண்டி வருமே, அந்தப் பயம்தான். அதற்கப்புறம் சனிக்கிழமை வந்தால் யாரிடம் போய் வந்துட்டேன் என்று சொல்வது?

ஆகஸ்டில் தண்ணீர் குறைவாக இருக்கும்போது வேலையைத் தொடங்கினார்கள். பொக்லைன் அணையின் நடுவில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொத்தி எடுக்க, தண்ணீர் ஓடைக்குள் இறங்கியது. ஓடெட் காலையிலேயே வந்து ஹெம்லாக் மரத்தின் பின்னால் நின்றுவிட்டாள். ஒரு புது வெள்ளைப் போர்வையை மடித்துக் கையில் வைத்திருந்தாள். எலும்பைப் பொதிந்து எடுத்துப் போகத்தான் என்று எல்லோருக்கும் புரிந்தது.

மத்தியானத்துக்குள் குளத்தின் அடி வெளியே தெரிந்தது. நாறியது. பழைய கல்சுவர் வந்தது, ஆப்பிள் மரக் கட்டைகள் வந்தன, எந்தக் காலத்திலோ மூழ்கிய வேலிக்கம்பி வந்தது. பீவர் வீடு கால் வெளியே தெரிய, சேற்றின் நடுவில் அம்மணமாக நின்றது. டுவெய்ன் இடுப்புவரை ரப்பர் உடுப்பு போட்டுக்கொண்டு, பலகை போட்டுப் போட்டு, வீட்டை நோக்கி நடந்தான். கூட வந்த ஆட்களை வர வேண்டாம் என்று கை காட்டிவிட்டான். சேற்றுக்குள் கழியால் குத்திக் குத்திப் பார்த்தான். வெகு நேரம் பார்த்தான். ஓரிடத்தில் கழி எதிலோ தட்டியது. மண்டிபோட்டு, தோள்வரை கையை விட்டு, அசைத்து அசைத்து இழுத்தான்.

வந்தது ஒரு முதுகுக்கூடை. மரச்சிம்பில் பின்னியது. சேறு அதை நாள்பட்டும் கெடாமல் வைத்திருந்தது. டுவெய்ன் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பலகைமேல் தள்ளாடி வந்து ஓடெட்டின் காலடியில் வைத்தான். அப்பாவின் கூடை. தோள்வாரில் அம்மா போட்ட தையலே தெரிந்தது.

"வேற?" என்றாள் ஓடெட்.

"வேற ஒண்ணும் இல்ல."

அவள் உட்கார்ந்து மூடிக் கயிற்றை அறுத்தாள். உள்ளே மேலாக ஒரு பெரிய கல். கல்லுக்கு அடியில் பொறிகள். அந்தக் குளத்தில் அப்பா வைத்திருந்த பொறிகள் அத்தனையும். வாய் மூடி, ஸ்பிரிங் இறக்கி, காதுகளில் ஒரே கம்பியை விட்டுக் கோத்து, முனை முறுக்கி வைத்திருந்தது.

இதைப் பாஸ்டன்காரர் பார்த்திருந்தால் பழைய இரும்பு என்று நினைத்திருப்பார். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது போதும். பொறிகளைப் பார்க்கப் போகிறவன் அவற்றைக் கோக்கமாட்டான், அந்தந்த இடத்திலேயே திரும்ப வைப்பான். இனி இந்தத் தண்ணீர் வேண்டாம், முடித்துக்கொண்டு கிளம்புகிறேன் என்கிறவன்தான் எல்லாவற்றையும் எடுத்து, வாயை மூடி, ஒரே கம்பியில் கோப்பான். சாகப் போகிறவனுக்கும் இந்த வேலை எதற்கு? கல்லை வைத்துக் கட்டி, தானே வெட்டிய ஓட்டையில் இறக்கிவிட்டு, ரெமி நடந்து போயிருக்கிறான்.

ஓடெட் அந்தக் கம்பி முறுக்கை விரலால் தொட்டாள். வலமாகச் சுற்றி மூன்றாம் சுற்றில் மடக்குவது அவன் கை. பள்ளிக்கூட நாட்களில் அவளுக்கு மதியச் சாப்பாட்டு வாளியின் கைப்பிடியை அப்படித்தான் கட்டிக் கொடுப்பான்.

டுவெய்ன் அவள் எதிரில் சேற்றோடு சேறாகக் குந்தினான். பக்கத்தில் தலைவர் இல்லை, இனி நேராகத்தான் பேசியாக வேண்டும்.

"ஓடெட். அந்த ஓட்டை சதுரமா இருந்துச்சு."

அவள் நிமிர்ந்தாள்.

"உடைஞ்சு விழுந்த ஓட்டை இல்ல. கடப்பாரையால நாலு பக்கமும் செதுக்கின ஓட்டை. நான்தானே முதல்ல போனேன். அந்தப் பக்கக் கரையில காலடியும் இருந்துச்சு. ரயில் ரோடு பக்கமா போயிருந்துச்சு."

"நீ பாத்தியா?"

"பாத்தேன். திரும்ப வர்றதுக்குள்ள பனி மூடிருச்சு. அப்புறம் இவங்க வந்து ஓட்டையையும் உடைச்சுட்டாங்க."

"ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா உங்க அப்பன் அன்னைக்கு ராத்திரியே துப்பாக்கிய எடுத்துக்கிட்டு ரயில் ரோட்டுல போயிருப்பான். ரெமி கொஞ்ச தூரம் போகட்டும், ரெண்டு நாள் கழிச்சுச் சொல்லிக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள முக்குளிக்கிறவங்க வந்துட்டாங்க. உங்க அம்மா பூசைக்குச் சொல்லிட்டாங்க. அவனே ஒரு லெட்டர் போடுவான், தானா தெரிஞ்சுடும்னு நெனச்சேன். சத்தியமா நெனச்சேன், ஓடெட். வருஷா வருஷம் தபால்காரன் கிட்ட கேட்பேன்."

"போடலை."

"போடலை."

ஓடெட் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு, தூரத்தில் நின்ற பொக்லைன்காரன் இயந்திரத்தை நிறுத்தினான். "கிளெமானை உனக்குத் தெரியுமில்ல?" என்றாள்.

"தெரியும்."

"என்னைக் கூட்டிட்டுப் போறேன்னான். நான் போகலை. ஏன்னு தெரியுமா? இந்தப் பய தண்ணியில தனியா கெடப்பானேன்னு போகலை. இவன் எங்கயோ சட்டைய மாத்திக்கிட்டு, சூடா சூப்புக் குடிச்சுக்கிட்டு இருந்திருக்கான். நான் இங்க டோனட் வச்சுக்கிட்டு இருக்கேன்."

டுவெய்ன் அழுதான். பெரிய உடம்பு, குலுங்கியது. அவள் அவனைத் தேற்றவில்லை, திட்டவும் இல்லை. அப்பா சாகும்வரை யாரையும் அடிக்காமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. அந்த அமைதி முழுக்க ஒரு பொய்யால் கிடைத்தது, அதைச் சாப்பிட்டு வளர்ந்தவள் அவள்தான். அண்ணன் உயிரோடு போனான் என்று சந்தோஷப்பட வேண்டும் என்று மனசுக்குச் சொல்லிப் பார்த்தாள். மனசு கேட்கவில்லை. செத்தவன் அவளை விட்டுப் போகவில்லை, கூடவே இருந்தான். உயிரோடு இருந்தவன் பின்னலை ஒரு இழு இழுத்துவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் போயிருக்கிறான்.

கூடையின்மேல் அந்த வெள்ளைப் போர்வையைப் போட்டு மூடிவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

கல்லறைத் தோட்டத்துக் கல்லை எடுக்கலாமா என்று பாதிரியார் கேட்டனுப்பினார். இருக்கட்டும், அதற்கு அடியில் யாரும் இல்லை என்று எல்லோருக்கும் முதலிலிருந்தே தெரியும்தானே என்று சொல்லியனுப்பினாள். ரெமியைத் தேட உதவுகிறேன் என்று பெவர்லியின் மகள் கம்ப்யூட்டரோடு வந்தாள். அவளுக்குக் காபி கொடுத்து அனுப்பினாள். அவன் இருந்தாலும் கோபம், இல்லாவிட்டாலும் கோபம். எதைத் தேடுவது?

சனிக்கிழமை நடைகள் நின்றன. அவளுக்கு மூட்டு வலி என்று நூலகத்தில் சொன்னார்கள். அக்டோபரில் இலை சிவந்து, வெளியூர் வண்டிகள் வரிசை கட்டியபோது பெவர்லி வந்து கதவைத் தட்டினாள்.

"கெளம்பு. ஒரு பட்டாளமே வந்து நிக்குது. எனக்குப் பாதையைத் தவிர ஒண்ணும் தெரியாது. பீவர் என்ன சாப்பிடும்னு கேட்டா டோனட்டுன்னு சொல்லிடுவேன்."

ஓடெட் கிளம்பினாள். வழியில் கடையில் நின்று டோனட் வாங்கினாள். வழக்கப்படி ஒன்று சேர்த்து வாங்கியிருந்தது காட்டுக்குள் வந்தபிறகுதான் உறைத்தது.

குளம் திரும்பியிருந்தது. பொக்லைன் கொத்திய இடத்தைப் பீவர்கள் சேறும் குச்சியும் வைத்து, அங்கே ஒன்றும் நடக்காதது மாதிரி அடைத்துவிட்டன. டுவெய்ன் போட்ட குழாய்வரை தண்ணீர் ஏறி நின்றது. கல்சுவர் மறைந்துவிட்டது, ரெமி வெட்டிய ஓட்டைக்கு நேர்கீழே இருந்த இடமும் மறைந்துவிட்டது. தண்ணீர்மேல் மூடுபனி ஒரு முழ உயரத்துக்குப் படர்ந்திருந்தது. எல்லோரும் ஹெம்லாக் மரத்தின்மேல் வரிசையாக உட்கார்ந்தார்கள். பேசாதீர்கள் என்று ஓடெட் சொன்னாள். பின்னால் போய் நின்றாள்.

முதுகுகளை எண்ணினாள். சரியாக இருந்தது.

மறுபடி எண்ணினாள். வேர்ப்பக்கத்திலிருந்து தொடங்கி எண்ணினாள். சரியாகவே இருந்தது. ஒன்று கூடும் என்று பயந்து பயந்து நின்ற சாயங்காலங்கள் எத்தனையோ. இன்று கூடாமல் போனது அதைவிடப் பயங்கரமாக இருந்தது. வேர்ப்பக்கம், வரிசையின் கடைசியில், பாசி மட்டும் ஈரமாகக் கிடந்தது. நடுக்குளத்தில் பீவர் வாலால் தண்ணீரை அறைந்தது. வந்தவர்கள் திடுக்கிட்டுச் சிரித்தார்கள். ஓடெட் வாயைத் திறந்தாள், சொல்ல யாரும் இல்லை. கண்ணீர் நிற்காமல் வந்தது. அவள் நகர்ந்து போய், வேர்ப்பக்கம், அந்த வெறும் இடத்தில் உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் அந்த மரத்தின்மேல் அவள் உட்கார்ந்ததே இல்லை. ரெமி எப்போதோ போய்விட்டான், இந்தக் கரையை விட்டுப் போகாமல் கிடந்தது அவள்தான். மிச்ச டோனட்டைக் காகிதத்திலிருந்து எடுத்து, ஒரு கடி கடித்தாள். இருட்டிக்கொண்டு வந்தது.

வழிகாட்டியைக் காணோமே என்று பெவர்லி எழுந்து பின்னால் போனாள். ஓடெட் எங்காவது சேற்றில் இறங்கிவிட்டாளோ என்று பயம். சரி, வெளியூர் ஆட்களையாவது பார்ப்போம் என்று மங்கல் வெளிச்சத்தில் விரல் நீட்டி முதுகுகளை எண்ணினாள். நின்றாள். திரும்ப எண்ணினாள்.

"ஓடெட்?" என்று மெதுவாகக் கூப்பிட்டாள். "எங்கடி இருக்க? இங்க ஒரு தலை கூடுதலா இருக்குடி."

வேர்ப்பக்கத்தில் ஒரு முதுகு திரும்பியது.

"அது நான்தான், பெவ்" என்றாள் ஓடெட். "இவ்வளவு நாளும் நான்தான்."